பெயர் தெரியாத கட்டியில் கை வைக்காதீர்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஐயா காலத்திலிருந்து வீட்டில் குதிரை உண்டு. இப்போது இரண்டு நிற்கின்றன. ஒன்று ஐந்து வயதுச் செவலை, ஆண். குதிரை வண்டி எல்கைப் பந்தயத்துக்குப் பழக்கியது. போன ஆடியில் அதன் நெஞ்சில், வார் உரசும் இடத்துக்குப் பக்கத்தில், மரு மாதிரி ஒன்று வந்தது. அப்பத்தா சொன்னபடி குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டி, எருக்கம்பால் வைத்தோம். மேல்பாகம் விழுந்துவிட்டது. ஆனால் ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் காலிபிளவர் மாதிரி பொங்கி வந்து, இப்போது கைப்பிடி அளவு இருக்கிறது. தொட்டால் ரத்தம், எந்நேரமும் ஈ. சூட்டுக்கோல் வைத்தால் கருகிவிடும் என்கிறார் ஒருவர். மற்றது பதினாறு வயது வெள்ளைப் பெட்டைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும். அதன் வாலடியில் கறுப்பாக நாலைந்து உருண்டைகள் இருக்கின்றன, வலி இல்லை. இதெல்லாம் புற்றுநோயா? மாடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டுமா? செவலையைத் திருவிழாப் பந்தயத்துக்கு விடலாமா? பெரிதாவதற்குள் அந்தியூர்ச் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறார் சித்தப்பா. அப்பத்தா ஐயனாருக்குப் புரவி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். நாங்கள் என்ன செய்யட்டும்?

பதில்: சூட்டுக்கோல் வேண்டாம், தம்பி. மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சூடு, சேங்கொட்டை, மயில்துத்தம், சுண்ணாம்பு, ஆசிட், மறுபடியும் முடிக்கயிறு, எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் செவலையின் நெஞ்சில் இருப்பது பெரும்பாலும் சார்காய்டு. குதிரைகளுக்கு வரும் தோல் கட்டிகளில் உலகம் முழுக்க அதிகமாகக் காணப்படுவது அதுதான். அதன் குணம் என்னவென்றால், முழுசாக எடுக்காமல் பாதியில் சீண்டிவிட்டால் முன்னைவிட வேகமாக வளரும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அப்பத்தாவைக் குறை சொல்லாதீர்கள். மாட்டுக்கு வரும் சாதாரண மருவுக்கு அந்த வைத்தியம் பலித்தும் இருக்கும், ஏனென்றால் அந்த மரு பெரும்பாலும் தானாகவே உதிரக்கூடியது. குதிரையின் சார்காய்டு பெரும்பாலும் அப்படி உதிர்கிற வகை இல்லை.

அது என்ன கட்டி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1936-இல் தென்னாப்பிரிக்காவில் ஜாக்சன் என்பவர்தான் இதைத் தனி நோயாக எழுதிவைத்து சார்காய்டு என்று பெயர் கொடுத்தார். 1951-இல் ஆல்சன், குக் என்ற இருவர் மாட்டு மருவின் சாற்றைக் குதிரைத் தோலில் ஏற்றிப் பார்த்தபோது இதே மாதிரிக் கட்டி வந்தது. மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ், முக்கியமாக அதன் 1, 2 என்ற வகைகள், குதிரைத் தோலுக்குள் நுழைந்து நார்ச்சதைச் செல்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருகவைக்கின்றன என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். எல்லாக் குதிரைக்கும் வராது. பரம்பரையாகவே சில குதிரைகளுக்கு இதற்கு இடம்கொடுக்கும் உடம்புவாகு இருக்கிறது. அப்படிப்பட்ட குதிரைக்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் முதல் கட்டி தலைகாட்டும். உங்கள் செவலைக்கு வயது ஐந்து. கட்டி வந்ததும் வார் உரசித் தோல் வழண்ட இடத்துக்குப் பக்கத்தில். கணக்கு ஒத்துப்போகிறது.

இந்தக் கட்டி ஒரே முகத்தோடு வராது என்பதுதான் பெரிய தொல்லை. ஒரு குதிரைக்கு முடி உதிர்ந்த வட்டமாக மட்டும் தெரியும். பார்த்தால் படர்தாமரை என்றே தோன்றும். ஆனால் விரலால் அழுத்தித் தடவினால் தோலுக்குள் மணல் மாதிரி சின்னச் சின்னதாகத் தட்டுப்படும். இன்னொன்றுக்கு மரு மாதிரி சொரசொரப்பாக வரும். மூன்றாவதுக்குத் தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் உருண்டு நகரும். நான்காவது வகைதான் உங்களுடையது, புண்ணாகிப் பொங்கிச் சதை வெளியே தள்ளும் வகை. மற்ற வகைகளில் அடிபட்டாலோ, கயிறு கட்டினாலோ, மருந்தைத் தப்பாகப் போட்டாலோ கடைசியில் இந்த வகைக்கு மாறுவது வழக்கம். வட்டமாக, சின்னதாக, அமைதியாக இருக்கும் சார்காய்டு இளங்குதிரையில் சில சமயம் தானே மறைவதும் உண்டு. அதனால்தான் அந்தக் கட்டத்தில் நாங்கள் அளந்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்க்கச் சொல்கிறோம். உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இனி காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். சார்காய்டு தோலிலும் அதற்கு அடுத்த சதையிலும் வேர்விட்டுப் பரவும். நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போகாது. இதனால் மட்டும் உங்கள் செவலை செத்துவிடாது. ஆனால் விட்டுவிட்டால் புண் பெருத்து, ஈ முட்டையிட்டு, புழு வைத்து, சேணமே போட முடியாத நிலைக்குப் போகும். அப்புறம் அதை வைத்துக்கொள்ள முடியாமல் போவது அந்த வழியில்தான்.

சரி, இது சார்காய்டுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் செய்யக் கூடாது. நம் பக்கத்தில் இதே வேஷத்தில் வரும் வேறு சில நோய்கள் இருக்கின்றன. அதில் நான் அதிகம் பயப்படுவது கண்மாய்த் தண்ணீரிலிருந்து வருகிறது. பித்தியோசிஸ் என்று பெயர். தேங்கிய தண்ணீரில் வாழும், பூஞ்சை மாதிரித் தோன்றும் ஒரு நுண்ணுயிர், குதிரையின் காலிலோ வயிற்றிலோ நெஞ்சிலோ உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போய்விடும். மழைக்காலம் முடிந்து கண்மாயில் தண்ணீர் நின்று சூடேறும் நாட்களில் குதிரையை முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டுவதும், அங்கேயே மேயவிடுவதும் நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் புண்ணோடு இருக்கும் குதிரையை அங்கே இறக்கவே கூடாது. பித்தியோசிஸ் புண் வாரக்கணக்கில் பெருகும், மாதக்கணக்கு ஆகாது. அரிப்பு தாங்காமல் குதிரை தன் பல்லாலேயே அதைக் கடிக்கப் பார்க்கும். புண்ணை நன்றாகக் கவனித்தால் கொழகொழவென்று நூலாக வடியும் நீருக்குள் மஞ்சளும் வெளுப்புமாகக் கரடுமுரடான துணுக்குகள் இருக்கும். விரலில் எடுத்தால் உடைந்த பவளத்துண்டு மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றே கிளம்புங்கள், ஒரு வாரம் பொறுக்காதீர்கள். சீக்கிரம் அறுத்து எடுத்தால் பிழைக்கும், எலும்புக்கோ மூட்டுக்கோ இறங்கிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

ஈ கொண்டுவரும் புழுவால் உண்டாகும் கோடைப்புண் இன்னொன்று. கண் ஓரம், ஆண்குறி உறை, காலில் ஏற்கெனவே இருந்த புண் ஆகிய இடங்களில் வரும். அதிலும் மஞ்சள் துணுக்குகள் தென்படும். வெயில் காலத்தில் பெருத்து, குளிர் வந்தால் அடங்கும். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்தால் குறையும். காலில் அடிபட்ட பிறகு ஆறாமல் மிஞ்சி வளரும் வெறும் சதை மூன்றாவது. இவை இரண்டும் கட்டி வகையைச் சேர்ந்தவை அல்ல.

கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் மட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. காலின் உள்பக்கமாகவோ கழுத்திலோ ஒரே வரிசையில் முடிச்சு முடிச்சாக வந்து, ஒவ்வொன்றும் உடைந்து தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக வடிந்தால், மூக்கிலும் சளி இருந்தால், குதிரையைத் தனியே கட்டிவிட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இது மனிதருக்கும் ஒட்டும் நோய். அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நீங்கள் எழுதிய அடையாளத்தில் இதற்கான குறி எதுவும் இல்லை, ஆனாலும் குதிரை வைத்திருக்கும் யாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது செவலைக்கு இன்று முதல் செய்ய வேண்டியது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு போட்டு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி அளவு, அதைக் கட்டியின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது. துவைத்த பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் வேப்பெண்ணெய் தடவினால் ஈ கொஞ்சம் விலகும். புண்ணின் மேல் டர்பன்டைன், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் படக் கூடாது. புழு வைத்திருந்தால் நீங்களே குடையாதீர்கள், மருத்துவர் வரட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். மாட்டைவிட, ஆட்டைவிட, குதிரைக்குத்தான் வில்வாத ஜன்னி மிக எளிதாக வரும். இவ்வளவு திறந்த புண்ணோடு தடுப்பூசி இல்லாமல் லாயத்தில் நிற்கும் குதிரையைப் பார்த்தால் எனக்குக் கட்டியைவிட அதுதான் முதல் கவலை. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே அதை முடித்துவிடுங்கள். வண்டியில் ஏற்றிப் போக முடியாவிட்டால் 1962 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வீட்டுக்கு வரும்.

கட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுங்கள், எதிரிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அப்புறம் உடம்பு முழுக்க உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். காது உள்பக்கம், கண் இமை, வாய் ஓரம், வார் படும் இடம், அக்குள், தொடை இடுக்கு, ஆண்குறி உறை, எல்லா இடமும். ஒரு சார்காய்டு இருக்கும் குதிரைக்கு இன்னொன்று இருப்பது சகஜம், சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே திட்டமாகப் போட்டுக்கொள்ளலாம்.

வைத்தியத்தை எங்கே செய்வது என்றால், உங்களுக்குக் கிட்ட ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதுதான் என் யோசனை. நாமக்கல்லும் திருநெல்வேலியும் சென்னை வேப்பேரியும் உண்டு, ஆனால் வாராவாரம் போய்வர வேண்டிய வைத்தியத்துக்குக் கிட்ட இருப்பது பெரிய வசதி. உள்ளூர் மருந்தக மருத்துவர் நாள் முழுக்க மாட்டையும் ஆட்டையும் பார்ப்பவர். குதிரைக் கட்டியை அவரை அறுக்கச் சொல்லி நெருக்காதீர்கள், அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பயம் குறையும். புண்ணாகிப் பொங்கிய கட்டி என்பதால் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அமைதியாக இருக்கும் சார்காய்டில் துண்டு எடுப்பதே அதைக் கிளப்பிவிடும் என்பதால் அங்கே யோசிப்போம், உங்களுடையது ஏற்கெனவே கிளம்பிவிட்ட கட்டி. ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். முடிவு வந்ததும் உடனே வைத்தியம் தொடங்க நாள் குறித்துக்கொண்டுதான் துண்டு எடுக்கச் சம்மதிக்க வேண்டும். துண்டு எடுத்துவிட்டு அறுவடைக்குப் பிறகு பார்க்கலாம், திருவிழா முடியட்டும் என்று இழுத்தால், மறுபடி முடிக்கயிறு கட்டிய கதைதான்.

வெறுமனே அறுத்து எடுப்பது போதாது. கட்டியை ஒட்டி ஓரமாக மட்டும் அறுத்த குதிரைகளில் பாதிக்காவது திரும்ப வந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். அதனால் சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். கட்டியைத் தொட்ட கத்தியும் கையுறையும் மறுபடி நல்ல சதையைத் தொடக் கூடாது என்பதால் இடையில் மாற்றுவார்கள். அதன் பிறகு அடித்தளத்தைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து, தானாக இளகவிட்டு, மறுபடி உறையவைப்பது ஒரு முறை. ஒரு தடவை உறையவைத்தால் போதாது, இளகும்போதுதான் செல்கள் அதிகம் உடைகின்றன. நெஞ்சில் சதைப்பற்று நிறைய இருப்பதால் இது நடக்கும் காரியம். இதே கட்டி கண் இமையிலோ மூட்டுக்கு மேலேயோ இருந்திருந்தால் இவ்வளவு தாராளமாக அறுக்க முடியாது.

இன்னொரு முறை கட்டிக்குள்ளேயே சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை ஏற்றுவது. மனிதருக்கான புற்றுநோய் மருந்துதான். மருந்து ரத்தத்தில் கலந்து ஓடாமல் அந்த இடத்திலேயே தங்க வேண்டும் என்பதற்காக, மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த எள் எண்ணெயில் கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை போடுவது வழக்கமான முறை. நம் அடுப்படி நல்லெண்ணெய் இதற்கு ஆகாது, யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். அறுத்துவிட்டு மிச்சத்துக்கு இதைப் போடுவதும் உண்டு. பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மருந்து போட்ட நாட்களில் அந்தக் குதிரையைக் கையாள்பவர் கையுறை போட வேண்டும், வடியும் நீரைக் கையால் துடைக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் லாயத்துப் பக்கமே வர வேண்டாம், பிள்ளைகளையும் தள்ளிவையுங்கள். சாணத்தையும் ஈரமான கூளத்தையும் மண்வெட்டியால் அள்ளி, மருத்துவர் சொல்லும்படி ஒதுக்குங்கள். இதைச் சொல்லாமல் யாராவது அந்த மருந்தைப் போட்டால் நீங்களே கேளுங்கள்.

சின்னதாக இருக்கும் வட்டக் கட்டிகளுக்கு இமிக்விமாட், புளூரோயுராசில் மாதிரியான களிம்புகள் உண்டு. மருத்துவர் சொன்னால் தடவலாம், தோல் வெந்து சிவக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆன்லைனில் வாங்கும், எதையெதையோ எரிக்கும் களிம்புகளை மட்டும் தொடாதீர்கள். எருக்கம்பால் செய்த வேலையைத்தான் அதுவும் அதிக விலைக்குச் செய்யும்.

வெள்ளைக் குதிரைக்கு வருகிறேன். இதில் முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, அது எந்த வெள்ளை என்பது. மூக்குத் தோலை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். தோல் கறுப்பாக இருந்தால் அது நரைத்து வெளுத்த குதிரை. குட்டியாக இருந்தபோது செவலையாகவோ கறுப்பாகவோ இருந்து, வருஷா வருஷம் நரைத்து, ஏழெட்டு வயதில் பால்வெள்ளையாகியிருக்கும். தோலும் ரோஜா நிறமாக இருந்தால் அது நுக்ரா என்று வியாபாரிகள் சொல்கிற பிறவி வெள்ளை. இரண்டுக்கும் வரும் கட்டி வேறு வேறு.

உங்களுடையது வாலடியில் கறுப்பு உருண்டை என்பதால் நரைத்த குதிரையாகத்தான் இருக்கும். அப்படியானால் அது பெரும்பாலும் மெலனோமா, அதாவது தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் செல்களிலிருந்து வளரும் கட்டி. பதினைந்து வயதைத் தாண்டிய நரைத்த குதிரைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு இது வருகிறது, அதாவது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காரணமும் தெரிந்துவிட்டது. 2008-இல் ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவின் ஒரு துண்டு இரட்டித்துப் போயிருப்பதால்தான் முடி நரைக்கிறது, அதே இரட்டிப்புதான் மெலனோமாவுக்கும் வழிவிடுகிறது என்று கண்டார்கள். உலகத்தில் உள்ள நரைக்குதிரைகள் எல்லாம் பல ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்த மாற்றம் நேர்ந்த ஒரே மூதாதையின் வாரிசுகள். ஆகவே நீங்கள் கொடுத்த தீவனத்தாலோ, சேணத்தாலோ, கல்யாண வீட்டு மேளச்சத்தத்தாலோ இது வரவில்லை. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பழைய ஆட்கள் சொல்வது மாதிரி, வெள்ளைக் குதிரையின் கறுப்புக் கட்டியைத் தொடவே கூடாது என்பதும் சரியில்லை. நான் இதில் வேறு கட்சி. வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும் கட்டி ஒரு கட்டத்தில் வேகமெடுத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஆசனவாயை நெருக்கி, சாணம் போட முக்கும் நிலைக்குக் குதிரையைக் கொண்டுவரும். சிலவற்றில் உள்ளுறுப்புக்கும் பரவும். அந்த நிலையில் எங்கள் கையில் செய்ய அதிகம் இருக்காது. கோலிக்குண்டு அளவில், தனித்தனியாக, தோல் கிழியாமல் இருக்கும்போதோ, குதிரையை நிற்கவைத்தே மயக்க ஊசி லேசாகக் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து எடுத்துவிடலாம். சார்காய்டு மாதிரி சீண்டினால் பொங்கும் குணம் இதற்கு இல்லை. ஆகவே செவலையைக் காட்டப் போகும்போது இதையும் கூடவே காட்டுங்கள். எல்லா உருண்டையையும் எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னால், ஒவ்வொரு அமாவாசைக்கும் வாலைத் தூக்கி அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாள் நினைவிருக்க அது நல்ல வழி. அதோடு காதுக்குக் கீழே தாடை ஓரம், உதட்டு உள்பக்கம், மடி, இங்கேயும் கை வைத்துப் பாருங்கள். வால்கயிறும் அலங்காரத் துணியும் அந்த உருண்டைகளில் உரசாமல் கட்டுங்கள். சிமெடிடின் என்ற வயிற்றுப்புண் மாத்திரை கொடுத்தால் கரையும் என்று யாராவது சொல்வார்கள். சில குதிரைக்குக் கேட்டது, பல குதிரைக்குக் கேட்கவில்லை. அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன்.

ஒருவேளை அது ரோஜாத்தோல் நுக்ராவாக இருந்தால், அல்லது பின்னால் அப்படி ஒன்றை வாங்கினால், வெயில்தான் எதிரி. கண் ஓரத்திலும் மூன்றாவது இமையிலும் ஆண்குறியிலும் ஆறாத சின்னப் புண்ணாகத் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா அந்த வகையைத்தான் தேடிப் பிடிக்கும். இது உண்மையிலேயே பரவக்கூடிய புற்று. நம் சீமை வெயிலில் மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரை அந்தக் குதிரை தகரக்கொட்டகைக்கு வெளியே நிற்கக் கூடாது. புளியமரத்து நிழல் இருந்தால் இன்னும் நல்லது, கண்ணை மறைக்காத வலைத்துணி முகமூடியும் போடலாம். மூன்று வாரத்தில் ஆறாத கண் ஓரப் புண்ணை ஈ கடித்தது என்று விட்டுவிடாதீர்கள்.

ஒட்டுமா என்ற கேள்விக்கு: பிள்ளைகளுக்கு ஒட்டாது, சார்காய்டும் ஒட்டாது, மெலனோமாவும் ஒட்டாது. மாட்டுக்கும் குதிரையிலிருந்து வராது. வழி எதிர்த்திசையில்தான் இருக்கிறது. உங்கள் கசாலையில் மரு உள்ள கன்றோ மாடோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குதிரையை அதன் பக்கத்தில் கட்டாதீர்கள். மாட்டைத் தேய்த்த பிரஷ்ஷால் குதிரையைத் தேய்க்காதீர்கள். வைரஸைச் சுமந்து போவதில் ஈக்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் எருக்குழியை லாயத்திலிருந்து தள்ளிவைத்து, சாணத்தைத் தினமும் இரண்டு வேளை அள்ளிவிடுங்கள். செவலையின் சேணமும் வாரும் வெள்ளைக் குதிரைக்குப் போக வேண்டாம்.

பந்தயத்துக்கு விடக் கூடாது, இந்தத் திருவிழாவுக்குக் கண்டிப்பாக. வார் அந்தப் புண்ணின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கட்டிக்குத் தூண்டுதல், குதிரைக்கு வலி. வலியில் ஓடும் குதிரை எல்கை திரும்பும்போது வண்டியையும் சாரதியையும் கவிழ்த்துவிடும். அறுவைக் காயம் முழுக்க ஆறி, முடி முளைத்து, மருத்துவர் கை வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, வார் படும் இடத்துக்குப் பஞ்சுத் துணி கொடுத்து மெதுவாகத் தொடங்கலாம். ஐந்து வயதுதானே ஆகிறது. இன்னும் எத்தனையோ திருவிழா இருக்கிறது அதற்கு.

சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள். சந்தையில் வாங்குகிறவர், கட்டியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வார்? கயிறு கட்டுவார், சூடு போடுவார். இந்தக் குதிரை இன்னொரு வாசலில் மறுபடி அதே வேதனையைப் படும். விற்கத்தான் வேண்டும் என்றால் வைத்தியம் முடித்து, இன்ன கட்டி இருந்தது, இப்படி எடுத்தோம் என்று வாங்குபவரிடம் சொல்லி, காகிதத்தையும் கையில் கொடுத்து விற்கலாம். மறைத்துத் தள்ளுவதற்கு நான் ஒருநாளும் யோசனை சொல்ல மாட்டேன். அப்பத்தாவின் நேர்த்திக்கடன் அவருடையது. தாராளமாகப் புரவி எடுக்கட்டும். மண்குதிரையைக் கும்பிட்டுத் தூக்கிப்போகிற ஊர், லாயத்தில் நிற்கும் குதிரைக்கும் அதே கவனத்தைக் கொடுக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எருக்கம்பால் வைக்கவும் அவரே சொன்னார் என்றால், வீட்டில் அந்தக் குதிரையை உன்னிப்பாகப் பார்க்கிற ஆள் அவர்தான். அமாவாசைக் கணக்கை அவரிடமே ஒப்படையுங்கள்.

ஒரத்தநாட்டுக்குக் கிளம்பும் முன் போன் செய்து, அறுவைச் சிகிச்சைப் பிரிவில் குதிரை பார்க்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடியும் முன்பே ஏற்றிவிட்டால் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். வண்டித் தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்புங்கள், குளம்பு வழுக்கக் கூடாது. தலையை ஆட்டும் அளவுக்குக் கயிறு விடுங்கள். இரண்டும் ஒன்றாகப் பழகியவை என்பதால் சேர்த்தே ஏற்றினால் செவலை மிரளாது. வீட்டுத் தண்ணீரையே இரண்டு குடம் எடுத்துப்போங்கள், சில குதிரைகள் வேற்றூர்த் தண்ணீரை மோந்துவிட்டுக் குடிக்காமல் நின்றுவிடும். அன்று காலை கட்டியில் மஞ்சளோ மருந்தோ எதுவும் பூசாதீர்கள், இருக்கிறபடியே அவர்கள் பார்க்க வேண்டும். முந்தைய ராத்திரி கொள்ளு வைக்கலாமா, எத்தனை மணியோடு தீனியை நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீரை மட்டும் அவர்கள் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.